வகுப்பறையா, பட்டறையா, வேலையிடமா?

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து வயது ஆகும்போது வீட்டுப் பேச்சு மாறிவிடும். அதுவரை பேச்சுப் பயிற்சி, எழுத்து, கணக்கு என்று ஓடிக்கொண்டிருந்த கவலை ஒருநாள் "சரி, பள்ளி முடிந்த பிறகு என்ன?" என்று வந்து நிற்கும். சாதாரணப் பள்ளியிலேயே கடைசிவரை இருக்கட்டும் என்பார் ஒருவர். சிறப்புப் பள்ளிக்கு மாற்றுங்கள், கைத்தொழிலாவது கற்றுக்கொள்ளட்டும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஏதோ ஒரு தொழிற்பயிற்சி மையத்தின் எண்ணைத் தந்து, இன்றைக்கே பேசுங்கள் என்பார். எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இவற்றை ஒரே தராசில் வைத்துப் பார்க்க உதவுகிறவர்கள் குறைவு.

நான் பார்ப்பது முக்கியமாக ஒன்றைத்தான்: இங்கே கற்றுக்கொள்வது, இந்தப் பிள்ளைக்கு வேறோர் இடத்தில் கைகொடுக்குமா? அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைகளை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன். பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு விஷயம் கொஞ்சம் வேறு. அதை இடையில் சொல்கிறேன்.

ஏன் இந்தக் கேள்வி? கை கழுவுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் திருகுகிற குழாய். அதைத் திறந்து, கழுவி, மூடப் பழகிவிட்ட பையன் வெளியே போனால், தூக்கித் திறக்கும் குழாயின் முன் திகைத்து நிற்பான். கையை நீட்டினாலே தண்ணீர் வரும் சென்சார் குழாயில் திருகைத் தேடுவான். நமக்கு மூன்றும் குழாய்தான். அவனுக்கு அவை மூன்று தனித்தனிப் பாடங்கள். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துப்போவது இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தானாக நடப்பதில்லை. தானாக நடக்கும் என்று நம்பிப் பாடம் போடக் கூடாது என்பதை லூ பிரவுன் என்ற அமெரிக்கச் சிறப்புக் கல்வியாளரும் அவருடைய சகாக்களும் 1976-லேயே எழுதிவிட்டார்கள். வளர்ந்த பிறகு பிள்ளை எந்தெந்த இடங்களில் புழங்கப் போகிறதோ, அந்த இடங்கள் கேட்பதைக் கற்றுக்கொடுங்கள் என்பதே அவர்கள் வாதம்.

முதலில் சாதாரண வகுப்பு. எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து படிப்பதே நெறியாக இருக்க வேண்டும் என்று 1994-ல், ஸ்பெயினில் நடந்த உலக மாநாடு ஒன்றின் சாலமன்கா பிரகடனம் சொன்னது. 2006-ல் நிறைவேறிய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு அதை உரிமையாகவே ஆக்கியது. இத்தாலி 1977-லேயே சட்டம் போட்டுத் தனி வகுப்புகளைக் கைவிட்ட நாடு. உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும். வேலைக்கான தயாரிப்பு என்று மட்டும் பார்த்தாலும் சாதாரண வகுப்பு தருகிற சில விஷயங்கள் வேறெங்கும் கிடைக்காது. வரிசையில் நிற்பது, யாரோ கேலி செய்தால் பதில் சொல்வது, குழுவில் தன் பங்கை முடித்துவிட்டு அடுத்தவருக்காகக் காத்திருப்பது, சத்தத்தின் நடுவே உட்கார்வது எல்லாம் அங்கே நாள்தோறும் நடக்கின்றன. நாளை மேற்பார்வையாளராகவும் முதலாளியாகவும் ஆகப்போகிறவர்களும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து வருடம் பக்கத்து பெஞ்சில் ஒருவனைப் பார்த்துப் பழகியவருக்கு, பின்னால் அவனைப் போன்ற ஒருவரை வேலைக்கு எடுக்கத் தயக்கம் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை நேரம். கீழ் வகுப்பு நிலையில் வாசிக்கிற பிள்ளை, மேல் வகுப்பில் இயற்கணிதம் நடக்கும்போது படம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். யாருக்கும் தொந்தரவில்லை, யாருக்கும் பயனுமில்லை. உதவி ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து விடையை எழுதிக்கொடுப்பதைச் 'சேர்ந்து படிப்பது' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சிறப்புக் கல்வியில் பழைய கேள்வி ஒன்று உண்டு: இதை இந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளாவிட்டால், வேறு யாராவது இதை அவளுக்காகச் செய்துகொடுக்க வேண்டியிருக்குமா? இருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்காவிட்டால் யாரும் வந்து தீர்த்துக்கொடுக்க வேண்டியதில்லை. மணி பார்க்கத் தெரியாவிட்டால், பேருந்து எண் வாசிக்கத் தெரியாவிட்டால், மாதவிடாய்த் துணியை மாற்றத் தெரியாவிட்டால், வாழ்நாள் முழுக்க ஒருவர் கூட இருந்தாக வேண்டும். சாதாரணப் பள்ளியில் சேர்த்திருப்பவர்கள் கேட்க வேண்டியதும் இதுதான்: எந்தப் பாடநேரங்களை இதற்காக விட்டுக்கொடுப்பீர்கள்? "அதெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால், பள்ளி நல்ல பள்ளியாகவே இருக்கலாம், தயாரிப்பு நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறப்புப் பள்ளியின் பலம் கற்றுக்கொடுக்கும் விதம். ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது, கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுத்துப் பின்னோக்கி வருவது போன்றவை அங்கே தினசரிப் பழக்கம். துண்டு மடிப்பதில் எல்லா மடிப்பையும் ஆசிரியர் போட்டுவிட்டுக் கடைசி மடிப்பை மட்டும் பிள்ளையிடம் விடுவார். அது கைவந்ததும் கடைசி இரண்டு. ஒவ்வொரு முறையும் வேலை பிள்ளையின் கையில்தான் முடிகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் வெற்றி. இந்த முறைகளை ஏனோதானோ என்று நினைத்துவிடாதீர்கள். 1970-களில் மார்க் கோல்ட் என்ற அமெரிக்கர், 'எதுவும் கற்க முடியாதவர்கள்' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். பிறகு அவர்களே 24 பாகங்கள் கொண்ட பிரேக்குக்கும் போனார்கள். பாகங்களில் நிறக்குறி வைப்பது, தவறு செய்தால் 'இன்னொரு விதமாகச் செய்து பார்' என்று மட்டும் சொல்வது போன்ற எளிய உத்திகள்தான் அவருடையவை. கற்றுக்கொள்ள முடியவில்லை என்றால் சொல்லிக்கொடுத்த விதத்தை மாற்று என்பது அவர் கட்சி.

அதே சிறப்புப் பள்ளியின் பலவீனம் அதன் சுவர். வகுப்பறைக்குள் ஒரு மூலையில் பாவனைக் கடை, பிளாஸ்டிக் நாணயம், அட்டைப்பெட்டிக் கல்லாப்பெட்டி. கடைக்காரராக நடிப்பவர் ஆசிரியர். அவருக்குப் பொறுமை உண்டு, பின்னால் வரிசை கிடையாது. இந்தக் கடையில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை நிஜக் கடையில் பர்ஸைத் திறக்கவே பயப்படும். குழாய்க் கதைதான் மறுபடியும். ஆகவே சிறப்புப் பள்ளியைப் பார்க்கப் போனால் அலமாரியில் இருக்கும் கைவினைப் பொருட்களைப் பார்க்காதீர்கள், வாரத்தில் எத்தனை முறை பிள்ளைகள் வாசலைத் தாண்டி வெளியே போகிறார்கள் என்று கேளுங்கள். ஆண்டுக்கொரு சுற்றுலா கணக்கில் வராது.

காது கேளாத பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்குச் சைகை மொழி புழங்குகிற பள்ளி என்பது தனிமைப்படுத்தல் என்பதைவிட, மொழி கிடைக்கும் இடம். ஐ.நா. உடன்படிக்கையின் அதே 24-ஆம் பிரிவே சைகை மொழியையும் காது கேளாதோர் சமூகத்தின் மொழி அடையாளத்தையும் பிரெயிலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மொழி இல்லாமல் சாதாரண வகுப்பில் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எந்த வேலைக்கும் தயாரிப்பு ஆகாது. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டியவை என்று எட்டுத் துறைகளை 1996-ல் ஃபில் ஹாட்லன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுத்தார். வெள்ளைக்கோல் பிடித்து நடப்பது, உதவிக் கருவிகளைக் கையாள்வது, அன்றாட வாழ்க்கைத் திறன், தொழில் அறிமுகம் எல்லாம் அதில் அடங்கும். சாதாரணப் பள்ளி இதற்கெல்லாம் ஆள் வைத்திருந்தால் சாதாரணப் பள்ளி, இல்லையென்றால் சில வருடம் சிறப்புப் பள்ளி. இங்கே கொள்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பயனில்லை.

அடுத்தது தொழிற்பயிற்சி மையம். இரண்டு வகை. எல்லோரும் படிக்கும் மையத்தில் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொள்வது ஒன்று. அவர்களுக்கென்றே நடத்துவது இன்னொன்று. முதல் வகை கிடைத்தால் பெரும்பாலும் அதுவே மேல், சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ஆனால் எழுத்துத் தேர்வு குறுக்கே நிற்கும். கை வேலையில் தேர்ந்தவளைத் தாளில் தோற்கடித்துவிடுவார்கள். தேர்வை வாய்மொழியாகவோ செய்துகாட்டியோ எழுத இடம் உண்டா என்று சேரும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள். இரண்டாம் வகையில் வேறொரு சிக்கல். மெழுகுவர்த்தி, காகிதப் பை, கூடை, வாழ்த்து அட்டை. எங்கே போனாலும் இதே நான்கு. பிள்ளைக்குப் பிடித்ததாலா? இல்லை, மையத்துக்கு நடத்தச் சுலபம் என்பதால். மெழுகுவர்த்தி செய்யத் தெரிந்த ஆளை வேலைக்குத் தேடும் நிறுவனம் எத்தனை இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

இந்த மையங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. "இன்னும் தயாராகவில்லை." முதலில் நேரந்தவறாமை வரட்டும், பிறகு கவனம் வரட்டும், பிறகு கோபம் குறையட்டும், அப்புறம் வேலைக்கு அனுப்பலாம். இப்படியே போனால் பயிற்சிக்கு முடிவே இருக்காது. ஐந்து வருடமாகத் தயாராகிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. வேலையில் இருந்தால்தான் வருகிற பழக்கங்களை, வேலைக்குப் போகும் முன்பே கேட்பது நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்பது போல. ஆகவே மையத்திடம் கேட்க வேண்டியது: போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் இப்போது வெளியே, சம்பளத்துக்கு, வேலை செய்கிறார்கள்? எத்தனை பேர் பயிற்சி முடிந்தும் இங்கேயே இருக்கிறார்கள்? மழுப்பினால் பதில் கிடைத்துவிட்டது.

பயிற்சி முடிந்தும் அங்கேயே தங்குகிற நிலையின் நிரந்தர வடிவம்தான் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடத்தப்படும் பாதுகாக்கப்பட்ட பணிமனை. இதைப் பற்றி எழுதும்போது பலருக்குக் குரல் உயர்ந்துவிடும், இரண்டு பக்கமும். அமெரிக்காவில் 1938-ன் தொழிலாளர் சட்டமே இத்தகைய இடங்களில் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க அனுமதித்தது. ஜெர்மனியில் இன்றும் சுமார் 3 லட்சம் பேர் இப்படிப்பட்ட பணிமனைகளில் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2022-ல் வெளியிட்ட எட்டாவது பொதுக்கருத்து, தனியே பிரித்து வைக்கும் இந்த வேலைமுறையைப் படிப்படியாக முடித்துவிட வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2000-களின் தொடக்கத்திலேயே இவற்றை மூடி, பணத்தை வெளி வேலைகளுக்கான துணைக்குத் திருப்பிவிட்டது.

என் தீர்ப்பும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். இருந்தாலும் பணிமனையைத் தேர்ந்தெடுக்கிற பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காலையில் வண்டி வந்து அழைத்துப்போகும், மாலையில் கொண்டுவிடும். நாள் முழுக்க யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். நண்பர்கள் இருக்கிறார்கள். தாயோ தந்தையோ வேலைக்குப் போக முடிகிறது. வெளி வேலையில் வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் கிடைத்தால், மீதி நேரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பணிமனையை எதிர்க்கிறவர்கள் பல சமயம் பதில் வைத்திருப்பதில்லை. இதைச் சொல்லாமல் ஒப்பிட்டால் அது நேர்மையான ஒப்பீடு ஆகாது. பணிமனையின் உண்மையான குறை சம்பளம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒருமுறை உள்ளே போனவர் வெளியே வருவது அரிது என்பதே பெரிய குறை. பதினெட்டு வயதில் 'தற்காலிகமாக' என்று சேர்த்தது நாற்பது வயதிலும் தொடரும்.

இனி, நேரே வேலையிடத்தில் கற்பது. "முதலில் பழக்கு, பிறகு வேலையில் வை" என்பதைத் தலைகீழாகத் திருப்பி, முதலில் வேலையில் வைத்து அங்கேயே பழக்குவது. 1980-களில் இருந்து வளர்ந்த முறை இது. தீவிர மனநோய் உள்ளவர்களிடம் 1990-களில் இருந்து இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் நடந்தன. நேரே வேலைக்குப் போய்த் துணையோடு கற்றவர்களில்தான் அதிகம் பேர் வழக்கமான வேலையில் அமர்ந்தார்கள். மனநோயும் அறிவுசார் குறைபாடும் ஒன்றல்ல, அதனால் அந்த முடிவை அப்படியே இங்கே ஒட்டவைக்க மாட்டேன். ஆனாலும் 'தயாரான பிறகுதான்' என்ற வாதத்தை அது நன்றாகவே ஆட்டிவிட்டது.

பள்ளி மாணவர்களுக்கு இதன் நன்கு தெரிந்த வடிவம் பிராஜெக்ட் சர்ச் (Project SEARCH) என்ற திட்டம். 1996-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கியது. அவசரப் பிரிவில் மருத்துவப் பொருட்களை அலமாரியில் நிரப்பி வைக்கும் வேலைக்கு வந்தவர்கள் நிலைக்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். அந்தப் பிரிவின் பொறுப்பில் இருந்த எரின் ரீல், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று கேட்டார். யோசனை இரக்கத்தில் பிறக்கவில்லை, காலியாகிக் கிடந்த அலமாரியில் பிறந்தது. அதனால்தான் அது நிலைத்தது என்று எனக்குத் தோன்றும். இன்று அதன் வடிவம் இது: பள்ளியின் கடைசி ஆண்டு முழுக்க மாணவர்கள் பள்ளிக்குப் போகாமல் ஒரு மருத்துவமனைக்கோ அலுவலகத்துக்கோ தினமும் போகிறார்கள். அங்கேயே ஓர் அறையில் கொஞ்ச நேரம் வகுப்பு, மீதி நேரம் நிஜ வேலை. ஆண்டுக்குள் மூன்று வெவ்வேறு பிரிவுகளில் மாறி மாறிப் பழகுகிறார்கள். திருகு குழாய், தூக்கும் குழாய், சென்சார் குழாய் மூன்றும் ஒரே வருடத்தில் கிடைத்துவிடுகிறது என்று சொல்லலாம்.

இந்த முறை நிற்பதும் விழுவதும் ஜாப் கோச், அதாவது வேலையிடத்தில் கூட இருந்து பழக்குகிறவர், கையில். நல்ல கோச் முதல் சில நாள் அந்த வேலையைத் தானே செய்து பார்ப்பார். எங்கே தடுக்கும், எங்கே தப்பு நடக்கும் என்று படிகளாகக் குறித்துக்கொள்வார். பிறகு பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பார். புகைப்பட அட்டைகளை மேசையில் ஒட்டுவார். பிறகு மெல்ல ஓரடி தள்ளி நிற்பார், அப்புறம் வாசலருகே, அப்புறம் காலையில் ஒருமுறை மட்டும். அவர் விலகும் இடத்தை அதே பிரிவில் வேலை செய்யும் ஒரு சக ஊழியர் நிரப்ப வேண்டும். கோச் விலகத் தெரியாதவராக இருந்தால் பிள்ளை ஒவ்வொரு படிக்கும் அவர் முகத்தையே பார்க்கும், அவர் விரல் அசைந்தால்தான் கை அசையும். சீக்கிரமே விலகினால் மூன்றாம் வாரத்தில் வேலை போய்விடும். ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார், மேலாளர் மாறினால் திரும்பி வருவாரா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மேலாளர் மாறுவது சின்ன விஷயம் போலத் தெரியும். வேலை போவது பல சமயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கிடைக்கும் மணி நேரம் குறைவாக இருக்கலாம். சம்பளம் வந்தால் அரசு உதவித்தொகை குறையும் நாடுகள் உண்டு, முதல் சம்பளத்துக்கு முன் அதைக் கணக்குப் பார்த்துவிட வேண்டும். இன்னொன்று தனிமை. எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள், மதிய இடைவேளையில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பணிமனையில் சிரித்துக்கொண்டிருந்தவள் அலுவலகத்தில் ஊமையாகிவிட்டாள் என்றால், அவள் சம்பளம் உயர்ந்ததை மட்டும் பார்த்து அதை வெற்றி என்று எழுத முடியாது. வேலைக்கு வெளியே நண்பர்கள், விளையாட்டு, ஏதாவது ஒரு குழு இருக்கிறதா என்பதையும் அதே திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

நேர்முகத் தேர்வு என்ற கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டிசம் உள்ளவர்கள் வேலையில் தோற்பதைவிட நேர்முகத்தில் தோற்பதே அதிகம் என்று நினைக்க இடமுண்டு. கண்ணைப் பார்த்துப் பேசு, உன்னைப் பற்றிச் சொல் என்பதெல்லாம் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத பரீட்சைகள். டென்மார்க்கில் தோர்கில் சொன்னே 2004-ல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்னே நிறுவனம், கேள்வி கேட்பதற்குப் பதில் லெகோ ரோபோக்களைக் கொடுத்துக் கட்டச் சொல்லித் திறமையைப் பார்த்தது. அந்த அளவுக்குப் போகாத நிறுவனத்திடமும், ஒரு வாரம் வேலை செய்து காட்டட்டும், அப்புறம் முடிவெடுங்கள் என்று கேட்கலாம். இல்லாத வேலையை உருவாக்கவும் முடியும். ஓர் அலுவலகத்தில் ஆறு பேர் தலைக்கு அரை மணி நேரம் காகிதங்களை ஸ்கேன் செய்து வீணாக்கினால், அதைச் சேர்த்து எடுத்தால் ஒருவருக்கு மூன்று மணி நேர வேலை.

குடும்பத் தொழில் அல்லது சொந்தச் சிறுதொழில் பற்றிச் சுருக்கமாக. பொருந்தினால் மிக நல்லது, நேரமும் வேகமும் நம் கையில் இருக்கும். இரண்டு சோதனை போதும். வாங்குகிறவர் பொருள் பிடித்து இரண்டாம் முறை வருகிறாரா, அல்லது பரிதாபப்பட்டு ஒருமுறை வாங்கினாரா? வருகிற பணத்தில் பிள்ளையின் பங்கு பிள்ளையின் கைக்குப் போகிறதா?

சரி, எதைத் தேர்வது? என்னைக் கேட்டால், முடிந்தவரை சாதாரணப் பள்ளியில் பெயர் இருக்கட்டும், பதினான்கு வயதில் இருந்து வாரத்தில் ஒரு நாளாவது வெளியே நிஜ இடத்தில் கற்கட்டும், பதினாறு வயதில் அது இரண்டு மூன்று நாள் ஆகட்டும், கடைசி வருடம் முழுக்க வேலையிடத்தில். அமெரிக்கச் சட்டம் பதினாறு வயதுக்குள் பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதுவே தாமதம் என்பது என் எண்ணம். பள்ளிப் பருவத்தில் சம்பளத்தோடு ஏதாவது வேலை பார்த்தவர்கள் பின்னால் வேலையில் அமர்கிற வாய்ப்பு கூடுதல் என்பது திரும்பத் திரும்ப ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். விடுமுறையில் இரண்டு வாரம், ஒரு கடையில் அலமாரி அடுக்குவதுகூடக் கணக்கில் சேரும்.

இந்த வரிசை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. வலிப்பு அடிக்கடி வருகிறவள், தன்னையே அடித்துக்கொள்கிறவன், படுக்கையில் இருந்தே கணினியைக் கண்ணசைவால் இயக்குகிறவன் ஆகியோருக்கு முதலில் வேண்டியது நிலையான மருத்துவ, தொடர்புத் துணை. தன் விருப்பத்தைச் சொல்ல ஒரு வழி, அது பேச்சானாலும் பட அட்டையானாலும் கருவியானாலும், கைவராத பிள்ளையை எந்த மையத்திலும் அவசரமாகச் சேர்க்காதீர்கள். வலிக்கிறது என்றோ வேண்டாம் என்றோ சொல்லத் தெரியாதவரை யாரிடமும் ஒப்படைப்பது ஆபத்து. சிறப்புப் பள்ளியில் நல்ல ஆசிரியர் கிடைத்தால், இதற்காக ஓரிரண்டு வருடத்தை அங்கே செலவழிப்பது வீணில்லை.

அப்புறம், பிள்ளையையே கேளுங்கள். ஆனால் வாயால் கேட்டு ஏமாறாதீர்கள். "உனக்கு அலுவலக வேலை பிடிக்குமா?" என்றால் பெரும்பாலும் ஆமாம் என்றே சொல்வார்கள், கேட்பவரைச் சந்தோஷப்படுத்த. பார்த்தே இராத இடத்தைப் பற்றி யாராலும் விருப்பம் சொல்ல முடியாது. இரண்டு மூன்று இடங்களில், இடத்துக்கு ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். அந்தந்த இடத்தில் எடுத்த புகைப்படங்களை மேசையில் பரப்பி, நாளை எங்கே போகலாம் என்று கேளுங்கள். மறுநாள் படங்களின் வரிசையை மாற்றி வைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.